லிஃப்ட் மெக்கானிக்கின் வெள்ளித் தண்ணீர்

லிஃப்ட் மெக்கானிக்கின் இடது தோளில் படுக்கையறை ஜன்னல் பதிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. கம்பிகள், பாதி திறந்த கதவு, கொக்கியில் தொங்கிய ஈரத்துண்டு எல்லாமே சாம்பலும் நீலமும் கலந்த நிறத்தில் பழைய போட்டோபோல விழுந்திருந்தன. பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவர் மனைவி சோப்பு போட்டுத் தேய்த்துப் பார்த்தாள், பிறகு மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தாள். போகவில்லை. தெருமுனையில் பிள்ளைகள் காத்திருப்பார்களே என்று கையைக் கழுவிக்கொண்டு வண்டியை எடுக்கப் போய்விட்டாள்.

அவருடைய அண்ணன் காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வராததிலிருந்து மெக்கானிக்குக் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டார், நடந்துகொண்டே பல் தேய்த்தார். வெள்ளித் தண்ணீர் குடித்தால் எந்தக் கிருமியும் அண்டாது என்று வேலையிடத்தில் யாரோ சொல்ல, அன்றைக்கே இரண்டு வெள்ளிக் கம்பிகளும் பேட்டரிகளும் வாங்கி வந்தார். சமையல் மேடையில் கண்ணாடிக் குவளையில் காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றிக் பேட்டரியில் இணைத்த கம்பிகளைத் தொங்கவிட்டால், ஒரு கம்பியிலிருந்து புகை இழைபோல ஏதோ இறங்கும். தண்ணீர் இளமஞ்சளானதும் பழுப்பு பாட்டில்களில் நிரப்பி, பழைய காலுறைகளுக்குள் செருகி, பீரோவின் அடித்தட்டில் வைத்தார். அதன்மேல் வெளிச்சம் படக்கூடாது, ஃப்ரிட்ஜில் வைக்கக்கூடாது, எவர்சில்வர் கரண்டி தொடக்கூடாது, பக்கத்தில் காந்தம் இருக்கக்கூடாது.

"பிள்ளைய பெத்தப்பகூட எனக்கு இத்தன பத்தியம் யாரும் சொல்லல" என்றாள் மனைவி.

காலையும் மாலையும் குடித்தார், கொப்பளித்தார், கண்ணில் சொட்டு விட்டார். தலையணையிலும் கதவுப் பிடியிலும் வேனின் ஸ்டியரிங்கிலும் தெளித்தார். சோற்றில் கை வைத்தவர் பாதியில் எழுந்துபோய் பாட்டில்களைத் தடவிப் பார்த்துவிட்டு வருவார். அடியில் கொஞ்சம் கறுப்பு படிந்திருந்தால் போயிற்று. கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். அந்த வீட்டில் சமையல் மேடை சமையலுக்குக் கிடைப்பதே அபூர்வமாகிவிட்டது.

முதலில் நகத்தடி நீலமாயிற்று, பிறகு முகம் ஈயப் பாத்திரம்போல ஆயிற்று. தோல் டாக்டர் பார்த்துவிட்டு, வெள்ளி தோலுக்கடியில் தங்கிவிட்டது, வெளிச்சம் பட்டு ஃபிலிம்போலக் கறுக்கிறது, இனிப் போகாது, குடிப்பதையாவது நிறுத்துங்கள் என்றார். "கிருமி ஒண்ணும் சாகல. உங்க நிறம்தான் போச்சு." மெக்கானிக் வீடு வந்து சேரும்வரை முணுமுணுத்தார். தனக்கு ஒரு தும்மல்கூட வருவதில்லை என்றார். அதைச் சொல்லும்போதே தும்மினார், தூசி என்றார்.

ஜன்னலுக்குப் பிறகு, வெயிலில் அவர் எதிரே எது இருந்தாலும் உடம்பில் பதிய ஆரம்பித்தது. ஆனால் மனிதர் நிலையாக நின்றால்தானே? விளக்குக் கம்பத்துக்கு மூன்று தலை விழுந்தது, பழக்கடைக்காரருக்கு நாலு கை, பேருந்து பாதியோடு நின்றுபோயிற்று. மெக்கானிக்கின் பிடரியில் தன் கடையின் பலகை கலங்கலாகத் தெரிகிறது என்று கேள்விப்பட்ட முடிவெட்டுகிறவர், வாடிக்கையாளர்கள் பார்க்கும்படி கொஞ்சம் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டுக் காசு வாங்காமல் வெட்டினார். லிஃப்டில் ஏறுகிறவர்கள்தான் சங்கடப்பட்டுச் சுவரைப் பார்த்து நின்றார்கள். மேலதிகாரி அவரை வெயில் எட்டாத அடித்தளத்து வேலைக்கு மாற்றினார். அங்கேயும் குட்டிபோட்ட பூனைபோல லிஃப்ட் குழியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

அவர்களுக்கு இரண்டு வயதில் ஒரு பெண் இருந்தாள். ஆரம்பத்திலேயே மனைவி சொல்லிவிட்டாள்: "உங்க உடம்பு, உங்க இஷ்டம். இவ வாயில ஒரு சொட்டு பட்டுச்சுன்னா அன்னைக்கே இவள தூக்கிட்டு வேனை எடுத்துருவேன்." நடந்துகொண்டே தலையாட்டினார். மழைக்காலத்தில் பிள்ளைக்கு இருமல் வந்தது. குழந்தை டாக்டர் பார்த்து, நெஞ்சில் சளி இல்லை, தானாகப் போக ஒரு வாரம் ஆகும் என்றார். அந்த ஒரு வாரம்தான் மெக்கானிக்கிடம் இல்லை. ஒவ்வொரு இருமலுக்கும் அவர் தோள் தூக்கிப்போட்டது. பிளாஸ்டிக் கரண்டியில் ஊற்றுவார், பிள்ளையைப் பார்ப்பார், மறுபடி பாட்டிலிலேயே கவிழ்ப்பார்.

பள்ளியில் தண்ணீர் வரவில்லையென்று மத்தியானமே விட்டுவிட்ட ஒரு நாள், பிள்ளைகளையெல்லாம் இறக்கிவிட்டு அவள் சீக்கிரமே வீடு திரும்பினாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அன்று அவர் லீவு போட்டிருந்தார். படுக்கையறையில் திரை இழுத்து மூடியிருந்தது. இருட்டுக்குக் கண் பழகியபோது, அவர் சட்டையில்லாமல் கட்டிலருகே மண்டியிட்டிருப்பது தெரிந்தது. ஒரு கை பிள்ளையின் கன்னங்களை அழுத்திப் பிடித்திருந்தது, இன்னொன்றில் கரண்டி. அவள் நேரே போய்த் திரையை விலக்கினாள்.

மேற்கு வெயில் மொத்தமாக உள்ளே விழுந்தது. அண்ணன் போன நாளுக்குப் பிறகு முதல்முறையாக அவர் அசையாமல் இருந்தார், அசைய வரவில்லை.

"அப்படியே இருங்க" என்றாள் அவள். "நல்லா விழட்டும்."

பிறகு கரண்டியைப் பிடுங்கினாள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டாள், பீரோவின் கண்ணாடிக் கதவை அவர் பக்கம் திருப்பினாள். மார்பு முழுக்க அது பதிந்திருந்தது. இறுகிய கண்கள், விரல்களுக்கிடையே பிதுங்கிய கன்னம், அழுகிற வாய், அதற்கு எதிரே கரண்டி. ஒரு கோடுகூடக் கலங்கவில்லை.

"இது என் கையா?" என்றார்.

"வேற யாரு கை?"

"அண்ணனுக்கு இப்படி ஒண்ண யாராவது குடுத்திருந்தா…"

"உங்க பயத்த இவ எதுக்குக் குடிக்கணும்?"

பிள்ளையின் துணிகளைப் பையில் திணித்து, வேனில் வைத்து, எஞ்சினைப் போட்டுவிட்டாள். எங்கே போவதென்று தீர்மானமாகவில்லை, போவதுமட்டும் தீர்மானம். அப்போது சமையலறை ஜன்னல் வழியாக மூடி திருகும் சத்தமும் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தமும் கேட்டன. இன்னொரு மூடி, இன்னொரு தண்ணீர். மடியில் பிள்ளை ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தது. சத்தம் ஓய்ந்து, அவர் காலி பாட்டில்களோடும் இரண்டு கம்பிகளோடும் வாசலுக்கு வந்து குப்பைத் தொட்டிக்கருகே நின்றார். அவள் எஞ்சினை அணைத்தாள்.

இருமல் டாக்டர் சொன்னபடி தானாகவே போயிற்று. மார்பில் இருந்தது போகவில்லை. அதற்குப் பிறகும் கழுத்தில் ஒரு காகமும் முழங்கையில் யாருடையதோ ஒரு சைக்கிளும் விழுந்தன. தெருவில் அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. பிள்ளைக்கு ஐந்து வயதானபோது, குளித்துவிட்டு வந்த அப்பாவை நிறுத்தி, "அந்தப் பாப்பா ஏன் அழுவுது?" என்று கேட்டாள்.

"அதுக்கு அது வேண்டாமாம்."

"வேண்டாம்னா எடுத்துற வேண்டியதுதானே?"

எடுக்க முடியாது என்றார். அவள் யோசித்தாள். வேனின் முதலுதவிப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்திரி கொண்டுவந்து, கரண்டி மறையும்படி அவர் மார்பில் ஒட்டி, உள்ளங்கையால் அழுத்திவிட்டாள். அவள் ஒட்டி முடிக்கும்வரை அவர் அசையவில்லை. குளித்தால் அது கழன்றுவிடும். காலையில் அவர் சட்டையைத் திறந்து அவள் பார்ப்பாள். அதனால் வேலைக்குப் போகிற வழியில் அவர் மருந்துக்கடையில் நிற்பது வழக்கமாயிற்று. கடைக்காரர் கேட்காமலே எடுத்துவைப்பார். ஒருநாள் வழக்கமான நிறம் தீர்ந்துவிட்டது, பச்சைதான் இருக்கிறது, பரவாயில்லையா என்றார். வீட்டில் கேட்டுத்தான் சொல்லவேண்டும் என்றார் மெக்கானிக்.