மறுநாள் எடுத்த புகை

பன்னிரண்டு வருடமாக ஆவணப்படம் எடுக்கிறேன். முடித்தது நான்கு, ஊர் பார்த்தது ஒன்றுகூட இல்லை. வயிற்றுப்பாட்டுக்குக் கல்யாண வீடியோ. வியாசர்பாடியில் போய் எழில்மொழி என்று கேட்டால் “கல்யாண கேமராக்காரியா?” என்பார்கள். திருத்துவதை விட்டுவிட்டேன்.

ஐந்தாவது படம் திருவொற்றியூரில் ஒரு ரசாயன ஆலையைப் பற்றியது. ஆலையை ஒட்டிக் குடியிருந்த கலீலுல்லா வீட்டு மொட்டைமாடியில் அவரைப் பேட்டி எடுத்துக்கொண்டிருந்த காலையில்தான் ஆலைச் சுவரைத் தாண்டி மஞ்சள் புகை கசிந்து வந்தது. கேமராவைத் திருப்பினேன். மூச்சு முட்டி இருமியதில் படம் கண்டபடி ஆடிவிட்டது.

மூன்றாம் நாள் கலீலுல்லா இறந்தார். இதய நோய் என்றது ஆலை. புகைதான் கொன்றது என்று வழக்குப் போட்டார் அவர் மனைவி ஷம்ஷாத். அவர் கையில் இருந்த ஒரே சாட்சி என் படம்.

அதில் இருந்ததோ மறுநாள் எடுத்த புகை. அதே மாடி, அதே கோணம், ஸ்டாண்டு போட்டு எடுத்தேன். வழக்கமான புகைபோக்கிப் புகைதான்; எடிட்டிங்கில் கொஞ்சம் மஞ்சளாக்கினேன். ஆடாத ஷாட் கிடைத்தால் ஆடினதைத் தூக்கிவிடுவது எங்கள் தொழிலில் சகஜம். அதைப் பொய் என்று நாங்கள் யாரும் நினைப்பதில்லை. வழக்கு வந்தபோதாவது வாயைத் திறந்திருக்கலாம். படத்தின் பேர் கெட்டுவிடுமே என்று மூடிக்கொண்டேன். வெட்கக்கேடு.

கோர்ட்டில் மூலப்பதிவைக் கேட்டார்கள். தேதி காட்டிக்கொடுத்தது. படமே ஜோடிப்பு என்றார் ஆலை வக்கீல். வழக்கு தள்ளுபடி.

பஸ் ஸ்டாப்பில் ஷம்ஷாத் அக்கா கேட்டார்.

“நெசமா வந்த பொகைய நீ எடுத்த இல்ல? அத்த போட வேண்டிதானே?”

“ரொம்ப ஆடிச்சுக்கா.”

“ஆடுனா இன்னா? அத்த குடு. மேல் கோர்ட்டுல காட்டலாம்.”

புகை வந்த மறுநாள் சாயங்காலமே தண்டையார்பேட்டையில் ஒரு நிக்காஹ் எடுக்க வேண்டியிருந்தது. மெமரி கார்டில் இடம் போதவில்லை. அப்போது கலீலுல்லா உயிரோடுதான் இருந்தார்.

“அழிச்சிட்டேன்கா.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“அதுல அவரு இருந்தாரா?”

புகை வந்தபோது லென்ஸை மறைத்துக்கொண்டு ஓடிவந்து என்னை மாடிக் கதவுக்குள் தள்ளியது அவர்தான்.

“இருந்தாருக்கா” என்றேன்.