நடுங்காத கையெழுத்து

1

ஐந்தாம் மாதம் பதினோராம் நாள், முற்பகலான பாம்பு வேளையில், எங்களை ஆண்ட ஷோகுன் இறந்தார். அடுத்து வந்த குதிரை வேளையில், உச்சிப்பொழுதில், ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டார்.

இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் இந்தக் கதை பிறந்தது. இரண்டாவது வாக்கியத்தில் உள்ள கை என்னுடையது. என் பெயர் சுகாவா. அரண்மனை எழுத்தன்.

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: ‘கியோத்தோவிலிருந்து நாட்டை ஆண்ட வலிமைமிக்க...’

விட்டுவிட்டேன். அவருக்குக் கைநடுக்கம் வந்து பதினோரு ஆண்டுகள். நிலப்பட்டயம், மன்னிப்பு, மரண தண்டனை, எல்லாவற்றிலும் அவர் கையெழுத்தைப் போட்டது நான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்.

“எனக்கே இவ்ளோ அழகா வந்ததில்லய்யா.”

(புகழ்ச்சி என்று நினைத்திருந்தேன்.)

3

இறப்பதற்கு முந்தின நாள் அவரே தூரிகை கேட்டார். துறவியாகிவிட்ட தம்பி கெய்ஷின்தான் வாரிசு என்று எழுதிக் கையெழுத்திட்டார். மிதிபட்ட சிலந்தி போல இருந்தது. திருத்தித் தரட்டுமா என்றேன்.

“வேணாம். ஒண்ணாவது என்னுதா இருக்கட்டும்.”

மறுநாள், துணையாட்சியர் இவாசே பிணத்தருகே வேறொரு கடிதத்தை நீட்டினார். அதில் வாரிசு, ஷோகுனின் சித்தப்பா மகன். இவாசேயின் மாப்பிள்ளை.

“போடுய்யா.”

“ஐயா, அவரு செத்துட்டாரே.”

“பதினோரு வருஷமா உயிரோட இருந்து மட்டும் அவரா போட்டாரு?”

போட்டேன்.

[இங்கே நான் மறுப்பதாக ஒரு வடிவம் இருந்தது. நன்றாகவே வந்தது. அந்தச் சுகாவாவை எனக்குத் தெரியாது.]

4

இன்று மாகாண ஆளுநர்கள் மூவர் இரண்டு கடிதங்களையும் விரித்து, தங்கள் நிலப்பட்டயங்களோடு ஒப்பிட்டார்கள். நடுங்கிய கையெழுத்து எதனோடும் ஒத்துப்போகவில்லை.

“இது கள்ளக் கையெழுத்து. கொண்டுவந்தவன் தலைய எடுத்துட வேண்டியதுதான்,” என்றார் கிழக்கு ஆளுநர்.

கொண்டுவந்த கெய்ஷின் தன் மழித்த தலையைத் தடவிக்கொண்டார்.

“நான் எதையும் கேக்கலீங்க. மடத்துல முள்ளங்கி நறுக்கிட்டு இருந்தேன். அண்ணன் கூப்பிட்டாரு, வந்தேன்.”

“பேசாம நறுக்கிட்டே இருந்திருக்கலாம்,” என்றார் இவாசே.

பிறகு சாப்பிடப் போனார்கள். அந்த இடைவெளியில் இதை எழுதுகிறேன்.

5

முதல் முடிவு: உண்மையைச் சொல்கிறேன். என் தலை போகும். பதினோரு ஆண்டுப் பட்டயங்களும் செல்லாமல் போகும். அவற்றை மடியில் வைத்திருப்பவர்கள்தான் என்னை விசாரிப்பவர்கள்.

இரண்டாவது: பொய் சொல்கிறேன். கெய்ஷின் சாகிறார். அவருடைய அண்ணன் வாழ்நாளின் கடைசியில் தானாகச் செய்த ஒரே காரியம் கள்ளத்தனமாகிவிடும்.

மூன்றாவது: எழுத்தன் மயங்கி

(கேவலம்.)

வேறு முடிவு தெரிந்தால் எழுதுங்கள். காகிதத்தில் இடம் விட்டிருக்கிறேன். கொஞ்சம் சீக்கிரம். வெளியே ஏப்பச் சத்தம் கேட்கிறது.

கிழக்கு ஆளுநர் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கடிதங்களையும் என் முன்னால் தள்ளுகிறார்.

“சுகாவா, அவரு பக்கத்துலயே இருந்த ஆளு நீ ஒருத்தன்தான். சொல்லுய்யா, இதுல எது அவரு கை?”