உயிர்நூல் கட்டுபவன்

சேங்டாவின் உயிர் காலையிலேயே போய்விட்டது. உடம்பு மட்டும் கூடாரத்தில் கிடந்தது. மூச்சு வந்தது, கண் திறந்திருந்தது, மூக்கில் ஈ உட்கார்ந்தால் விரட்டத் தெரியவில்லை. கீழாற்று அரசி ஏவுகிற பனிக்குள் அகப்பட்டவர்கள் எல்லாரும் இப்படித்தான் ஆவார்கள். பொழுது சாய்வதற்குள் உயிரைக் கூப்பிட்டு மணிக்கட்டில் வெள்ளை நூலால் கட்டிவிட வேண்டும். இல்லையென்றால் மூச்சும் நின்றுவிடும்.

கூப்பிடுகிற வேலை கம்தியுடையது. மேலாற்று ராஜாவின் படையில் அவனைப்போல நூல் கட்ட ஆளில்லை என்று பெயர். அப்படிப் பெயரெடுத்தவன் கீழாற்று உளவாளி என்பதுதான் கொடுமை. வந்த புதிதில் பாலம் எங்கே, யானை எங்கே என்று விழுந்து விழுந்து சேதி அனுப்பினான். அரசி பாலத்தை உடைத்தாள். ராஜா கட்டினான். மறுபடி உடைத்தாள். அவன் காட்டிக்கொடுத்த இடத்தில் பனி இறங்கும்; உயிர் போனவர்களை அவனே உட்கார்ந்து கூப்பிடுவான். இது என்ன பிழைப்பு என்று ஒருநாள் அலுத்துப்போய் சேதி அனுப்புவதை விட்டுவிட்டான். அதற்காக ராஜாவின் ஆளாகவும் மாறவில்லை. அந்தப் பக்கமும் ஒட்டாமல் இந்தப் பக்கமும் ஒட்டாமல் நாள் போய்க்கொண்டிருந்தது. ஒட்டியிருந்தது சேங்டாவோடு மட்டும்தான்.

சேங்டாவ் படகுக்காரன். இருவரும் ஒரே கூடையில் கைவிட்டு ஒட்டரிசிச் சோற்றை உருட்டித் தின்றவர்கள். "உன் குரலுக்குப் பயந்துபோய்த்தான்டா உசுரெல்லாம் திரும்பி வருது, பாசத்துல ஒண்ணுமில்ல" என்று தினம் ஒரு தடவையாவது கிண்டல் செய்வான். இப்போது அந்த வாய் பேசாமல் கிடந்தது. கம்திக்கு அழுகை அழுகையாக வந்தது.

நூலை நனைத்து அவன் மணிக்கட்டில் தளர்வாகச் சுற்றினான். உயிர் வந்தால் நூல் தானாக இறுகும். "சேங்டாவ், பான்சோக் ஊர்க்காரனே, வா. ராஜாவின் நிழலுக்கு வா. உன் ஈட்டிக்கு வா. உன் வரிசைக்கு வா." படையில் எல்லாருக்கும் இதே அழைப்புதான். தொண்டை கட்டுகிறவரை கூப்பிட்டான். நூல் அசையவே இல்லை.

மத்தியானத்துக்கு மேல் தளபதி பியா கோட் வந்து நின்றார். எந்நேரமும் வெற்றிலை மெல்லுகிற மனிதர். வாசலில் காவல் நின்ற இருவரும் அவருக்குப் பின்னாலேயே எட்டிப் பார்த்தார்கள்.

"என்னய்யா, இன்னுமா வரல?"

"வரலைங்க."

"உன் கைக்கு வராத உசுரா? பேரு பொய்யா இருந்தாத்தான் வராது."

கம்தி நூலை மறுபடி நனைத்தான். பொய்ப் பெயர்க்காரன் என்றால் உளவாளி, உளவாளி என்றால் தலை போகும். இது படையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம்.

"பொழுது சாயற வரைக்கும் பாரு. வரலேன்னா இவன் தலைய எடுத்துடலாம். எப்படியும் போற உசுரு, விசாரணையாவது மிச்சம்." அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம்கூட இல்லை. அலுப்புதான் இருந்தது.

கம்தி சேங்டாவின் முகத்தைக் குனிந்து பார்த்தான். அடப்பாவி, நீயும் நம்ம ஊர்க்காரன்தானா? ஒரே பாயில் படுத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று சேங்டாவின் மேல் எரிச்சல் வந்தது. நான் மட்டும் சொன்னேனா என்ன என்று உடனே அடங்கவும் செய்தது.

சேங்டாவ் கீழாற்றுக்காரன் என்றால் அவனைக் கூப்பிட ஒரு வழி உண்டு. மேலாற்றில் பிள்ளை பிறந்ததும் துறவி வந்து பொன், சூரியன், நட்சத்திரம் என்று பெரிய பெயராக வைப்பார். கீழாற்றில் அப்படி வைத்தால் பேய் கண் வைத்துவிடும். அதனால் பெற்றவள் முதலில் ஒரு அசிங்கமான பெயரைக் காதில் சொல்லிவிடுவாள். வேறு பெயர் எத்தனை வந்தாலும் உயிர் திரும்பிப் பார்ப்பது அந்தப் பெயருக்குத்தான். அப்படிப்பட்ட பெயர்கள் கொஞ்சம்தான், ஊருக்கு ஊர் அதே பெயர்கள். ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துவிடலாம். ஆனால் வாயைத் திறந்து சொன்னால் கூடாரத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் கம்தி யாரென்று தெரிந்துபோகும்.

ஈ மறுபடி சேங்டாவின் கண்ணோரத்தில் வந்து உட்கார்ந்தது. கம்தி அதை விரட்டினான். போகட்டும், இந்தத் தலையை வைத்துக்கொண்டு இதுவரை என்ன கிழித்தேன் என்று நினைத்துக்கொண்டான்.

"தவளை, வாடா. சாணி, வாடா. பன்னிக்குட்டி, வாடா. அம்மா கூப்பிடறா, வாடா."

காவல்காரர்கள் இருவரும் களுக்கென்று சிரித்தார்கள். "என்னடா இது, உசுரக் கூப்பிடறானா, சந்தையில விக்கறானா?" என்றான் ஒருவன். மற்றவனுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. கை இடுப்புக் கத்திக்குப் போனது.

கம்தி நிறுத்தவில்லை. "சேறு, வாடா. ஓட்டைப்பல்லு, வாடா. நண்டு, வாடா."

"ம்" என்று ஒரு குரல் கேட்டது.

சேங்டாவ் இல்லை. தளபதி. மெல்லுவதை நிறுத்திவிட்டு, யாரோ முதுகில் தட்டியதுபோல முகத்தைத் திருப்பியிருந்தார். கம்தி அவரைப் பார்த்தான். அவரும் பார்த்தார். தாம்பூலச் சாறு உதட்டோரம் வழிந்ததைக்கூடத் துடைக்கவில்லை.

"நான்தான் அப்படிக் கூப்பிடச் சொன்னேன்" என்றார் காவல்காரர்களிடம். "பனி அவங்களோடது, அழைப்பும் அவங்களோடதா இருந்தாத்தான் எடுபடும். என்ன முழிக்கறீங்க? தள்ளிப் போய் ஆத்தோரமா நில்லுங்க. உசுரு வர்ற நேரத்துல கூட்டம் ஆகாது."

அவர்கள் போனார்கள். கம்தி மிச்சமிருந்த பெயர்களையும் சொல்லி முடித்தான். நூல் அப்படியே கிடந்தது.

"எல்லாம் ஆச்சா?" என்று தளபதி கேட்டார்.

"ஆச்சுங்க."

"அப்ப இவன் நம்ம ஆளு இல்ல."

அந்த 'நம்ம' என்னவென்று இருவருமே விளக்கிக்கொள்ளவில்லை. கம்தி தலையில் கைவைத்துக்கொண்டான். சேங்டாவ் நிஜமாகவே சேங்டாவ்தான், பான்சோக்கில் பிறந்த மேலாற்றுக்காரன்தான். முதலில் கூப்பிட்ட பெயரே சரியான பெயர். பொய்ப் பெயரிலேயே வாழ்ந்தவனுக்கு ஊரெல்லாம் பொய்ப் பெயராகத் தெரிந்திருக்கிறது. சும்மா இருந்தவன் தன் குட்டைத் தானே உடைத்துக்கொண்டதுதான் மிச்சம். அப்படியானால் உயிர் ஏன் வரவில்லை? காதில் விழுந்தும் வரவில்லையென்றால்?

குனிந்து, வழக்கமாகப் பேசுகிற குரலில் கேட்டான்: "ஏன்டா, உனக்கே வர இஷ்டமில்லையா?"

நூல் லேசாகத் துடித்தது.

"இஷ்டமிருக்காதுதான். ராஜா நிழலுக்கு வா, ஈட்டிக்கு வா, வரிசைக்கு வான்னா எவன்டா வருவான்? நானே வரமாட்டேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "சேங்டாவ், வீட்டுக்கு வா. பான்சோக்குக்கு வா. உன் பொண்டாட்டி ஓன்கேவ் ஜாடியில உப்பு மீன் ஊறப்போட்டிருக்கா, அந்த நாத்தத்துக்கு வா. வீட்டு ஏணியில ஒரு படி உடைஞ்சிருக்குன்னு புலம்புவியே, அதை அடிச்சு வைக்க வா. படைக்கு வேணாம். வீட்டுக்கு வா, நானே கொண்டுபோய் விடறேன்."

நூல் தோலில் பதிகிற அளவுக்கு இறுகியது. சேங்டாவ் கையைத் தூக்கி ஈயை விரட்டினான்.

"ஏன்டா காதுகிட்ட வந்து கத்தறே" என்றான்.

கம்தி அவன் மார்பில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பினான். வெட்கமாக இருந்தது, நிறுத்த முடியவில்லை.

தளபதி வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "ஊரு சொல்லிக் கூப்பிட்டுட்டே. அங்க கொண்டுபோகலேன்னா மறுபடி கழண்டுக்கும். அப்புறம் எந்த நூலுக்கும் நிக்காது."

"தெரியுங்க."

"பின்பக்கத் துறையில சின்னப் படகு இருக்கு. வெளிச்சம் இருக்கறப்பவே கிளம்புங்க. நான் பாக்கல."

"நீங்களும் வந்துடுங்களேன், ஐயா."

அவர் பாயில் உட்கார்ந்து, இடது கையை நீட்டினார். "எனக்கும் ஒண்ணு கட்டு. பனியில எல்லாம் மாட்டல. ஆனா உள்ள ஒண்ணும் இருக்கற மாதிரியே தெரியல, நாளாச்சு. பேரு உனக்குத் தெரியுமில்ல."

கம்தி நூலை நனைத்து அவர் மணிக்கட்டில் சுற்றினான். "ஊரு சொல்லுங்க."

"வாங்தோ."

கம்தியின் விரல்கள் நின்றுவிட்டன. போன அறுவடையில் ஆற்றைத் தாண்டி, கீழாற்று ஊரான வாங்தோவைக் கொளுத்தியது இந்தப் படைதான். தீப்பந்தத்தை முதல் கூரையில் வைத்தது இந்தக் கைதான். கம்தி கரையில் நின்று பார்த்திருக்கிறான். அன்றைக்கு எப்படி மனசு வந்ததோ இந்த ஆளுக்கு என்று திட்டியும் இருக்கிறான்.

"நான் தயங்கி நின்னிருந்தா சந்தேகப்பட்டிருப்பாங்கய்யா" என்றார் தளபதி. நீட்டிய கையை எடுக்கவில்லை. "நீ கூப்பிடு."

ஏணி இல்லை, துறை இல்லை, மீன் ஊறப்போட்டு வைக்க ஆள் இல்லை. எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமலே கம்தி கூப்பிட்டான். "நண்டு, வீட்டுக்கு வாடா. வாங்தோவுக்கு வாடா." கேட்டுக்கொண்டு படுத்திருந்த சேங்டாவும் ஈனக்குரலில் கூடச் சேர்ந்து கூப்பிட்டான்.

நூல் தளர்ந்தே தொங்கியது. தளபதி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டைக் கையை அதன்மேல் இழுத்து விட்டுக்கொண்டு, ஆற்றோரம் நின்ற காவல்காரர்களை வேறு பக்கம் அனுப்புவதற்காக எழுந்து போனார்.