ஒன்பது நாள் தனிக்காட்டு ராஜா

இதில் ஒரு சொல் பொய்யென்றால் சொன்ன நாக்கு அழுகட்டும். எக்ஸ்ரேக்காரர் தன் விடுமுறையைத் தனியாக, ஆனந்தமாக, வாசற்படி தாண்டாமல் வீட்டிலேயே கழித்தார் என்பது சத்தியம்.

மனைவியின் தம்பி கடலோரத்தில் ஒன்பது நாளைக்கு ஒரு வீடு பிடித்திருந்தான். எக்ஸ்ரேக்காரரும் இருபத்தாறு வருஷ உத்தியோகத்தில் முதல் முறையாக ஒன்பது நாள் லீவு எழுதிக் கொடுத்தார். புது அரைக்கால் சட்டை ஒன்று வாங்கிப் பெட்டியின் அடியில் ஒளித்தும் வைத்தார். கிளம்புவதற்கு முந்தின நாள் மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, நீங்களும் வர்றீங்களா?"

"எனக்கெதுக்கு அந்த உப்புக் காத்து? நீங்க போயிட்டு வாங்க."

இது பதில் இல்லை, பிகு. ஒரு தடவை கேட்டால் மரியாதை. இரண்டாம் தடவை கேட்டால்தான் பாசம். 'சரி, இவ்வளவு தூரம் சொல்றீங்க' என்று இழுப்பதற்கு அவர் தொண்டையைக்கூடச் செருமி வைத்திருந்தார். அவளோ, "அதுவும் சரிதான்" என்று அடுத்த துண்டை எடுத்து மடித்தாள்.

மறுநாள் மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு மச்சினனின் கார் தெருமுனை திரும்பியது. யாராவது மறந்ததை எடுக்க வருவார்கள் என்று அரைமணி நேரம் வாசலிலேயே நின்றார். ஒருவரும் எதையும் மறந்திருக்கவில்லை.

உள்ளே வந்தார். வெறும் கூடத்தைப் பார்த்ததும், தினம் அறுபது பேரிடம் சொல்லிப் பழகிய வாய் தானாகச் சொல்லிவிட்டது: "மூச்சை நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க." சொன்னவர், 'விடலாம்' என்று சொல்ல மறந்துபோனார். வீடு பாவம், பிடித்த மூச்சை விடவில்லை. குழாயில் ஒரு சொட்டு பாதியில் தொங்கியது. திரைச்சீலை உப்பிய வாக்கில் நின்றது. சுவர்ப் பல்லி வாயில் கவ்விய பூச்சியை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. பூச்சியும் பெரிய மனது பண்ணிக் காத்திருந்தது. கடிகாரம் பதினொன்று பத்தில் நின்றது. அவருக்குப் பசி பன்னிரண்டரைக்குத்தான் வரும் என்பதால் சமையல் வேலையும் மிச்சம். அரைக்கால் சட்டையைப் போட்டுக்கொண்டு கட்டிலின் நட்டநடுவில் படுத்தார். ரிமோட்டுக்குப் போட்டியில்லை. இதைவிடச் சொர்க்கம் உண்டா?

மகள் போன் செய்தாள்.

"அப்பா, நாலு நாளாச்சு, எப்படியிருக்கீங்க?"

"எனக்கென்ன, தனிக்காட்டு ராஜா. அங்க எப்படி?"

"சூப்பர்ப்பா! ஒரு ரூமே காலியாக் கிடக்கு. மாமா அதுல செருப்பெல்லாம் போட்டு வச்சிருக்காரு."

இதற்குமேல் ஒரே ஒரு வார்த்தைதான் பாக்கி. எக்ஸ்ரேக்காரர் தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் பெட்டியை இழுத்தார்.

"காலியாவா கிடக்கு?" என்று எடுத்துக் கொடுத்தார்.

"ஆமாப்பா. இருங்க, அம்மா பேசணுமாம்."

"ஏங்க," என்றாள் மனைவி.

"சொல்லு, சொல்லு."

"மொட்டை மாடியில போர்வை காயப்போட்டேனே, எடுத்தீங்களா?"

"எடுத்துட்டேன்."

"நல்லவேளை. நீங்க அங்க இருக்கிறது எங்களுக்கு எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா?"

பெட்டியைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினார். அப்புறம் சந்தோஷம் தாங்கவில்லை. சுவரிலிருந்த குடும்பப் படத்தைக் கழற்றி, தொழில் பழக்கத்தில் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். முறிவு ஒன்றுமில்லை. எல்லாரும் அவரவர் இடத்தில் நன்றாகவே இருந்தார்கள். ஓரத்தில் நின்ற அவர் மட்டும் கொஞ்சம் மங்கல். "ஆள் ஆடியிருக்காரு" என்று தீர்ப்புச் சொல்லி மறுபடி மாட்டினார்.

பத்தாம் நாள் கறுத்த முகங்களோடு வந்து இறங்கினார்கள். கதவு திறந்ததும் வீடு பிடித்து வைத்ததையெல்லாம் ஒரேயடியாக விட்டதில் மச்சினனின் தொப்பி தெருவுக்குப் பறந்தது. பல்லி விழுங்கியது.

"ஜன்னலைக்கூடத் தொறக்கலையா? என்ன புழுக்கம்!" என்றாள் மனைவி.

"அத்தான், நல்லா ரெஸ்ட்டா?" என்றான் மச்சினன்.

"கேக்காதே. அடுத்த தடவையும் என்னை விட்டுட்டே போங்க. இந்தச் சுகம் எங்கேயும் வராது."

"சரி, அப்படியே பண்ணிடுவோம்," என்றாள் மனைவி.

ஆஸ்பத்திரி வருகைப் பதிவேட்டில் அந்த ஒன்பது நாளும் எக்ஸ்ரேக்காரரின் கையெழுத்து இருக்கிறது: காலை எட்டுக்கு ஒன்று, மாலை ஆறுக்கு ஒன்று.