முத்துவீரன் கங்காணியின் மொட்டைக்கு ஓர் ஆங்கிலச் சொல்

1

இந்தக் கதையை முழுக்க நானாக யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. வரக்காப்பொலயில் பஸ் மாறும்போது ஒரு பழைய ஆங்கில அகராதி வாங்கினேன். பிரித்தால் உள்ளேயிருந்து கார்பன் பிரதியொன்று மடியில் விழுந்தது. 1998இல், யட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டத் துரைக்கு ஆங்கிலத்தில் அடித்த கடிதம். ஒரே வரியில் நான்கு சொற்களை எக்ஸ் எழுத்தால் அடித்து அழித்திருந்தார்கள். ஐந்தாவது சொல் தப்பியிருந்தது: டஸ்ஸல்.

கீழே இரண்டு கையெழுத்து. ஒன்று பெண்ணுடையது, மற்றது கங்காணியுடையது. நான்கு சொல்லைக் கொன்றுவிட்டு ஐந்தாவதை வாழவிட்ட ஆள் யார் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அதனால் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் ஆரம்பம்: “மலைமேல் மழை மேகம் கவிழ்ந்திருந்த அந்தக் காலையில்—”

வேண்டாம். சப்ரகமுவவில் எந்தக் காலையில்தான் மேகம் கவிழவில்லை?

இரண்டாவது: “புவாட் நானாவின் ஆங்கிலம் வெள்ளைக்காரனுக்கு விளங்குமோ என்னவோ, யட்டியாந்தோட்டை பஜார் அதை நம்பியிருந்தது.”

இது பரவாயில்லை, வைத்துக்கொள்வோம். புவாட், மச்சானின் புடவைக்கடை வாசலில் மேசை போட்டு, டைப்ரைட்டரில் பெட்டிசம், அதாவது மனு, அடித்துக் கொடுப்பவர்; பஜாருக்கே நானா, அதாவது அண்ணன். அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நடந்தது என்னவென்று கண்ணால் பார்த்ததுபோல் விளங்காமல் ஓர் எழுத்தும் அடிக்கமாட்டார். முன்பொரு தடவை, விறகு பொறுக்கிய மனுஷனுக்கு எழுதிய கடிதத்தில் அவசரப்பட்டுத் ‘திருட்டு’ என்ற சொல்லைப் போட்டுவிட்டார். அந்த ஒரு சொல்லால் அவனுக்கு வேலை போனது. அன்றிலிருந்து அவருக்குச் சொற்கள் என்றால் பயம்.

ஞாயிற்றுக்கிழமை ஜீவராணி வந்தாள். பால்வெட்டுக்காரி, முப்பத்திரண்டு வயசு. கையில் தோட்டத்து ஆபிஸ் கடிதம். கங்காணி முத்துவீரனை அவள் ‘அசோல்ட்’ பண்ணி, தலைமயிர் முழுவதும் போகும்படி காயப்படுத்தினாளாம். மூன்று நாளில் பதில் வராவிட்டால் தோட்டத்து வேலைக்காரர் பதிவான செக்ரோலில் இருந்து பேர் வெட்டப்படும்.

“பேரு வெட்டுனா நாங்க குடியிருக்கிற காம்பராவும் போயிரும் நானா. எங்க வீட்டுல எனக்கு மட்டுந்தான் தோட்டத்துல பேரு. அவரு கொழும்புல கடையில நிக்கிறாரு. ரெண்டு புள்ளைய கூட்டிக்கிட்டு நான் எங்க போறது?”

[இங்கே அவளை அழவைத்து எழுதிப் பார்த்தேன். அழ மாட்டேன் என்றுவிட்டாள். சரியான கோபத்தில் இருந்தாள்.]

3

அவள் சொன்னது இது. வெட்டிய பாலை எடுத்துக்கொண்டு ஸ்டோர் படியில் வரிசையில் நின்றிருக்கிறாள். கீழ்ப்படியில் நின்ற கங்காணி எட்டிப் பார்த்து, “இதுல தண்ணி இருக்கு, தள்ளி வை” என்று வாளியின் விளிம்பைப் பிடித்தார். “மீட்டர் போட்டுப் பாருங்க, அதுக்கு முந்தி வாளிய தொடாதீங்க” என்று இவள் கைப்பிடியைப் பிடித்தாள். அவர் இழுக்க, இவள் இழுக்க, கைப்பிடி கழன்று வாளி கவிழ்ந்தது. மேல்படிப் பால் எங்கே போகும்? கீழ்ப்படித் தலைக்குத்தான்.

[ரப்பர் தெரியாதவர்களுக்கு ஒரு குறிப்பு: பாலில் கொஞ்சம் ஆசிட் கலந்தால் அது கட்டியாகிவிடும், அப்படித்தான் ஷீட் அடிக்கிறார்கள். புளிப்பு எதுவானாலும் இந்த வேலையைச் செய்யும். மறந்துவிடாதீர்கள், ஐந்தாம் பகுதியில் வேண்டியிருக்கும்.]

புவாட் ‘அசோல்ட்’ என்று அடித்து, உடனே எக்ஸ் போட்டார். இவள் அடிக்கவில்லையே. ‘ஃபைட்’? அதற்கு இருவரும் அடித்திருக்க வேண்டும். எக்ஸ். ‘ஸ்ட்ரகிள்’ என்று அடித்துவிட்டு யோசித்தார்.

“இது வாணாம் தங்கச்சி. இது வாழ்க்க பூரா நடக்கிறதுக்குச் சொல்ற சொல்லு. ஒரு வாளிக்குப் பெரிசு.”

“அது எங்களுக்குத் தெனமும் நடக்குது நானா. நீங்க வாளிக்கு மட்டும் எழுதுங்க.”

4

இந்த இடத்தில் கட்டுரை எழுத ஆசை வருகிறது. தமிழில் மட்டும் என்ன குறை? ‘கைகலப்பு’ என்றால் பொலிஸ் வந்துவிடும். ‘மல்லுக்கட்டு’ என்றால் மீசையும் தொடையும் வேண்டும். ‘இழுபறி’தான் கிட்ட வருகிறது, ஆனால் அதை மந்திரிசபைக்கே எழுதி எழுதிப் பத்திரிகைக்காரர்கள் தேய்த்துவிட்டார்கள். இதை நான்கு பக்கத்துக்கு—

விடுங்கள். கங்காணி வந்துவிட்டார்.

ஆபிசுக்குக் கொடுக்க அவருக்கும் ஆங்கிலத்தில் ஒரு ரிப்போட் வேண்டும். பஜாரில் இருப்பது ஒரே டைப்ரைட்டர். தலையில் கம்பளித் தொப்பி, நடுப்பகலில்.

“என்ன கங்காணியார், தொப்பி?” என்றார் புவாட்.

“கதிர்காமத்துக்கு நேர்த்தி. மொட்ட போட்டேன்.”

“கேட்டீங்களா நானா? ஆபிசுக்கு நான் மயிர புடுங்கிட்டேன்னு பெட்டிசம், லயத்துச் சனத்துக்கு கதிர்காமம்!” என்றாள் ஜீவராணி.

கங்காணி தொப்பியைக் காதுவரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார். புவாட்டுக்குச் சிரிப்பு முட்டியது, அடக்கிக்கொண்டார். ஒரு பெண்ணின் காம்பரா தன் மேசையில் கிடக்கிறது என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது.

“ரெண்டு பேரும் கேளுங்க. கண்ணால காணாம நான் அடிக்க மாட்டன். நடந்தத அப்பிடியே செஞ்சு காட்டுங்க.”

5

தேத்தண்ணிக் கடையிலிருந்து தண்ணீரோடு வாளி வந்தது. ஜீவராணி கடைவாசல் படியில் ஏறினாள், கங்காணி கீழே நின்றார். சந்தைக்கு வந்த சனம் சுற்றி நின்றது. இழுத்தார்கள்.

நடிக்கத்தான் தொடங்கினார்கள். மூன்றாவது இழுப்பில் நடிப்பு போய்விட்டது. “உடுங்க!” “நீ உடு!” வாளி சரிந்து, பாதித் தண்ணீர் புவாட்டின் இடுப்புச் சாரத்தில், மீதி கங்காணியின் தொப்பியில். தொப்பி கழன்றது. மொட்டை வெயிலில் மின்னியது.

“பொறுங்க” என்றார் புவாட், சாரத்தைப் பிழிந்துகொண்டே. “இப்பிடித்தான் பாலும் கொட்டிச்சு. ஈரத்தோட கழுவினா பால் போகுமே. மயிரு எப்பிடிப் போச்சி?”

“கழுவத்தான் செஞ்சேன்” என்றார் கங்காணி. “நாத்தம் போகட்டும்னு தேசிக்காப் புளியும் போட்டு நல்லா தேச்சேன். அப்புறம் சிரைச்சாத்தான் வந்துச்சு.”

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது. இருபது வருஷம் ஸ்டோரில் நின்று, ஆசிட் ஊற்றிப் பால் கட்டியாவதைத் தினமும் பார்த்த மனிதர், தன் தலையிலேயே ஷீட் அடித்துக்கொண்டிருக்கிறார்.

முதலில் சிரித்தது மீன்கார கபூர். பிறகு பஜாரே சிரித்தது. ஜீவராணி வாயைப் பொத்திக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆபிஸ் கடிதம் வந்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

கங்காணி மேசையருகே குனிந்தார். “நானா, விசாரண வச்சா இதயெல்லாம் தொர முன்னால கேப்பாங்க. என்னைய ஒரு பொம்பள அடிச்சானு எழுதாதீங்க. நான் தோத்தேன்னும் எழுதாதீங்க.”

புவாட் அடித்து வைத்திருந்த ‘ஸ்ட்ரகிள்’ மேல் எக்ஸ் போட்டார். ‘ஸ்கஃபிள்’ என்று அடித்தார், அது கைகலப்பு, பொலிஸ் வாடை அடித்தது, அதற்கும் எக்ஸ். பிறகு அகராதியைப் புரட்டி நெடுநேரம் பார்த்துவிட்டு, ஒற்றை விரலால், எழுத்தெழுத்தாக ஐந்தாவதை அடித்தார்.

“டஸ்ஸல். ஒரு சாமான ரெண்டு பேர் புடிச்சிக்கொண்டு, ரெண்டு பேரும் உடாம இழுக்கிறது. அடியும் இல்ல, ஒதையும் இல்ல. யார் சரி யார் பிழ என்டு இந்தச் சொல்லு கேக்கிறதில்ல.”

ஜீவராணி கேட்டாள்: “இத எழுதுனா பேரு வெட்ட மாட்டாங்களா?”

“அவரும் கையெழுத்துப் போட்டா வெட்டேலாது.”

கங்காணி பேனாவுக்குக் கையை நீட்டினார்.

6

கார்பன் பிரதி இத்தோடு முடிகிறது. மிச்சத்துக்கு நான்தான் பொறுப்பு.

முதல் முடிவு: துரை கடிதத்தைப் படிக்கவேயில்லை, பேர் வெட்டப்பட்டது, மூட்டை முடிச்சோடு ஜீவராணி— இதை எழுதிவிட்டுக் கிழித்துப்போட்டேன். வெளியே அப்படி நடக்கும் என்று எனக்கும் தெரியும். பேனா என் கையில் இருக்கிறபோது அவளுடைய காம்பராவைப் பறிக்க எனக்கு மனசில்லை.

இரண்டாவது: துரை படித்துவிட்டு இருவரையும் கூப்பிட்டார். “ரெண்டு பேருமா இழுத்தீங்க?”

“ஆமாங்க தொர.”

“யாரு தோத்தது?”

“வாளிதாங்க” என்று கங்காணி முந்திக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை ஜீவராணி வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நின்றாள். கூப்பிட்ட பேர்களில் அவள் பேரும் இருந்தது. இதை யார் மாற்றச் சொன்னாலும் மாற்றமாட்டேன்.

ஆனால் கங்காணியின் நெஞ்சில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. பொய் சொன்னது மனுஷன் பேரில் அல்ல, கதிர்காமத்தான் பேரில். மயிர் வளர வளரப் பயமும் வளர்ந்தது. ஆடி மாசம் பஸ் ஏறினார். உண்மையாகவே மொட்டை போட்டு, சந்தனம் பூசி, தொப்பி இல்லாமல் நிமிர்ந்து தோட்டத்துக்குத் திரும்பினார்.

லயம் முழுக்க வாசலுக்கு வந்தது. எந்தக் கோயில் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஜீவராணி புது வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டாள்:

“இந்தத் தடவ யாரு கங்காணியார் பால ஊத்துனது?”

முத்துவீரன் வாய் திறந்தார். அவர் சொன்ன பதிலை நான் நான்கு விதமாக எழுதிப் பார்த்து, நான்குக்கும் எக்ஸ் போட்டுவிட்டேன். ஐந்தாவதை நீங்கள் அடியுங்கள்.