கவுன் கழற்றாத ஆட்டக்காரர்

1

இந்தக் கதை ஒரு கேலிச் சிரிப்பில் பிறந்தது. மெல்பர்னில் எங்கள் பேட்டைக் கால்பந்து மன்றத்தின் கூடத்தில் 1953ஆம் வருடத்துப் புகைப்படம் ஒன்று தொங்குகிறது. பதினெட்டுப் பேர் கையில்லாச் சட்டையில் மார்பு நிமிர்த்தி நிற்க, ஓரத்தில் ஒருவர் மட்டும், குளித்துவிட்டு நேரே வந்தவர் மாதிரி, டிரெஸ்ஸிங் கவுனில். சிரித்தேன். பிறகு பக்கத்துப் பலகையைப் பார்த்தேன். ஒரு தடவையாவது களமிறங்கியவர்களின் பெயரெல்லாம் அதில் இருக்கிறது. படத்தின் அடியில் எழுதியிருந்த அவர் பெயர் மட்டும் இல்லை.

2

முதல் வரி: 'மெர்வ் ஹான்ரஹன் புயலெனப் பாய்ந்தார்.' (அடித்துவிட்டேன். மனிதர் உட்கார்ந்தே இருந்தவர்.)

இரண்டாம் முயற்சி: 'சேறு மண்டிய மைதானத்தில், தென்கடல் காற்று சில்லென்று...' (இது வானிலை அறிக்கை.)

சரி, நேராகவே சொல்லித் தொலைக்கிறேன். இது ஆஸ்திரேலியக் கால்பந்து: அணிக்குப் பதினெட்டுப் பேர், பந்தைக் கையாலும் பிடிக்கலாம். மெர்வ் பத்தொன்பதாம் ஆள், மாற்று ஆட்டக்காரர். களத்தில் ஒருவர் அடிபட்டு வெளியேறினால்தான் அவர் இறங்கலாம். அதுவரை குளிருக்குக் கவுனைச் சுற்றிக்கொண்டு பெஞ்சில் காத்திருக்க வேண்டும். இந்த ஊரில் வெளியேறுவது மானக்கேடு. மூக்கு உடைந்தவன் பஞ்சை அடைத்துக்கொண்டு ஆடினான், கால் சுளுக்கியவன் நொண்டிக்கொண்டே ஆடினான். வருடக்கணக்காக இதே கதை. பின்னால் பியர் பாட்டிலோடு நின்ற கூட்டத்துக்கு மெர்வ்தான் பொழுதுபோக்கு.

"என்ன மெர்வ், டீ கொண்டாரவா, இல்ல இன்னும் கொஞ்சம் தூங்குறியா?"

3

அவருக்கு ஒரு மனைவி தேவைப்பட்டாள். டல்சி என்று பெயர் வைத்தேன். அவளுடைய அண்ணன் நோயல் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவன், அணியின் சூரப்புலி. (மச்சானை அணியில் சேர்த்தது என் வேலை. உறவுச் சிக்கல் இருந்தால் கதைக்கு நல்லது என்று யாரோ சொல்லிக் கெடுத்துவிட்டார்கள்.)

பருவத்தின் கடைசி ஆட்டம். அடுத்த வருடம் மெர்வுக்குப் பெஞ்சிலும் இடமில்லை என்று பயிற்சியாளர் சொல்லியாயிற்று. பலகையில் பெயர் ஏற வேண்டுமென்றால் இன்றைக்குத்தான். காலையில் கவுனுக்கு இஸ்திரி போட்டபடி டல்சி கேட்டாள்.

"நீ இறங்கணும்னா யாராவது விழணும். யாரு விழணும்னு நெனைக்கிற?"

"யாரும் விழ வேணாம்னு சொல்லத்தான் பாக்குறேன், டல்ஸ். வாய் வரமாட்டேங்குது."

இந்த வசனம் நான் யோசித்ததல்ல, அவரே சொன்னது. (எல்லா எழுத்தாளரும் விடும் புருடாதான். கண்டுகொள்ளாதீர்கள்.)

4

ஆட்டத்தின் நான்காவது, கடைசிக் கால்பகுதி. பந்துக்காக எகிறிய நோயல், முழங்கால் மடங்கி விழுந்தான். எழவில்லை. மெர்வ் கவுன் நாடாவை அவிழ்த்துவிட்டார்.

முடிவு அ: நோயல் எழுந்து நொண்டியபடி ஆடுகிறான். மெர்வ் நாடாவை மறுபடி கட்டிக்கொள்கிறார். (இதுதான் நடந்திருக்க வேண்டும். பலகை சொல்கிறது.)

முடிவு ஆ: நோயலைத் தூக்கிப் போகிறார்கள். மெர்வ் ஓடுகிறார், தாவிப் பந்தைப் பிடிக்கிறார், கேலி பேசிய கூட்டம் எழுந்து நின்று... நோயலால் இனி மூட்டை தூக்க முடியாது. அவனுக்கு மூன்று பிள்ளைகள்.

பிள்ளைகளை இப்போதுதான் சேர்த்தேன், உங்கள் கையைக் கட்டிப்போட. மட்டமான வேலை, தெரியும்.

5

நோயல் இன்னும் சேற்றில் கிடக்கிறான். மெர்வ் நாடாவைப் பிடித்தபடி நிற்கிறார். முடிவை உங்களிடம் விட்டுவிடுகிறேன். பெருந்தன்மை ஒன்றுமில்லை, பயம்தான்.

ஆனால் பெரிய நியாயஸ்தர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த முழங்கால் மடங்கியபோது, அப்பாடா, மெர்வ் இறங்கப்போகிறார் என்று உங்களுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்ததே. எனக்கும்தான். டல்சி வேலியோரம் நின்று, மெர்வையும் சேர்த்து நம் மூன்று பேரையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.