மேம்பாலத்து நிழல்

மேம்பாலத்துக்கு அடியில் அந்த நிழலான மூலையைப் பிடிக்கச் சாவிக்காரரின் மனைவி பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. போன கோடையில் சிக்னல் முனையில் வெயில் தாங்காமல் மயங்கி விழுந்த மனுஷனை மறுபடியும் அங்கே உட்கார வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. மூலையின் மேல் கண் வைத்திருந்த பழக்காரியோடு தொண்டை கட்டும்வரை சண்டை போட்டாள். மாற்றுச் சாவிகள் தொங்கும் கடைப் பலகையை ஆணியடித்து மாட்டிய பிறகுதான் ஓய்ந்தாள்.

"வெயில்னா என்னன்னே தெரியாது அவருக்கு!" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள்.

இந்தக் கோடையில் அவர் மயங்கவில்லை, இருமினார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றார். திருட்டு சிகரெட்தான் காரணம் என்று அவள் சட்டைப் பையையெல்லாம் உதறிப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. அனல் காற்று வீசிய ஒரு மத்தியானம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பலகையோரம் சரிந்தார். அடித்துப் பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

"எங்கம்மா வேலை செய்யறார்?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"வெயிலே படாத இடம்மா. பாலத்துக்கு அடியில. நாந்தான் பிடிச்சுக் கொடுத்தேன்."

"லாரி, பஸ்ஸெல்லாம் அங்கதானே நின்னு நின்னு போகுது? புகை வெளிய போக வழியில்லாம அங்கேயே சுத்தும். இந்த வெக்கையில நெஞ்சு ஏற்கெனவே திணறிக்கிட்டிருக்கு. அதுமேல புகையும் சேர்ந்தா எப்படித் தாங்கும்?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டிலருகே போய் அவர் கையைப் பிடித்தாள்.

"புகை தாங்கலன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாங்க?"

மூக்கிலிருந்த ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டு அவர் சொன்னார். "அவ்வளவு சண்டை போட்டு வாங்கின இடம். வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

அடப் பாவி மனுஷா! தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அவர் வீடு திரும்பியதும் பலகையைக் கழற்றப் போனாள். இனி வீட்டு வாசலில்தான் கடை, அதுவும் காலையில் மட்டும். கடைசி ஆணியைப் பிடுங்குவதற்குள் பழக்காரி கூடையும் இடுப்பில் கைக்குழந்தையுமாக வந்து நின்றாள்.

"இங்க உட்காராதடி. இந்தப் புகை ஆளையே சாய்ச்சிடும். எம் புருஷன் பிழைச்சதே பெரிசு."

பழக்காரி சிரித்தாள். "போகும்போதும் எனக்கு விட்டுக்கொடுக்க மனசு வரலையா அக்கா?"

"சத்தியமா சொல்றேன்டி!"

"சரி சரி, கிளம்பு."

பழக்காரி துண்டை விரித்து, குழந்தையை நிழலில் கிடத்தினாள்.